அன்னைக்கு என்னம்மா நடந்துச்சு?

மரியநாதபுரம், திண்டுக்கல்
18.11.2024

இயேசு மரி சூசை துணை

அன்புள்ள அறிவு அக்காவுக்கு, இசைவாணி எழுதுவது. இங்கே நாங்கள் எல்லோரும் நலம். உன் நலத்தையும் மடத்துச் சகோதரிகள் பன்னிரண்டு பேரின் நலத்தையும் அறிய ஆவல். முழங்கால் வலி எப்படி இருக்கிறது? மலைக் குளிருக்கு நான் அனுப்பிய கம்பளிச் சாக்ஸ் போதுமா?

நல்ல செய்தி. நவம்பர் ஆறாம் தேதி காலையில் பையன் பிறந்தான். மூன்று கிலோ நூறு கிராம். அமலன் என்று பெயர் வைக்கப்போகிறோம். உனக்குப் போன் இருந்தால் அன்றே படம் அனுப்பியிருப்பேன். வெளியே வராத மடத்தில் போய்ச் சேர்ந்துகொண்டாய். சாவுச் செய்திக்கு மட்டும்தான் மடத்துத் தலைவி மதரின் போன் என்கிறீர்கள். பிறப்புக்கு அஞ்சல் தலைதான்.

ரொனால்டு பூ மார்க்கெட்டில் வண்டி லோடை இறக்கிவிட்டு, மகனைப் பார்க்க நேராக ஆஸ்பத்திரிக்கு வந்தார். சட்டை முழுக்கச் சம்பங்கி வாசனை. ஜோவிட்டா தம்பியைப் பார்த்துவிட்டு, "இவனுக்கு ஏன் பல் இல்ல?" என்று கேட்டாள். நாலு வயசுக் கவலை அது.

பிறந்த அன்றைக்குப் போடும் ஊசியையும் சொட்டு மருந்தையும் ஆஸ்பத்திரியிலேயே போட்டுவிட்டார்கள். நான் மயக்கத்தில் இருந்தேன். என்னிடம் கேட்கவில்லை.

பதினோரு வருஷம் நர்சாக இருந்து எத்தனை பிள்ளைகளைத் தூக்கியிருப்பாய்! இவனைத் தூக்க நீ இல்லையே என்றுதான் இருக்கிறது.

உன் தங்கை,
இசை

*

கார்மேல் மடம்
28.11.2024

அன்புத் தங்கை இசைக்கு, ஆண்டவரின் சமாதானம் உன் வீட்டில் தங்குக. இங்கே எல்லோரும் சுகம். முழங்கால், ஜெபத்தில் என்னை விட அதிகமாக முனகுகிறது. சாக்ஸ் போதும்.

உன் கடிதத்தை மதர் சாப்பாட்டு நேரத்தில் உரக்க வாசித்தார். பல் இல்லாத விஷயத்துக்கு எண்பது வயது சகோதரி ஒருவர் சிரித்த சிரிப்பில் கஞ்சி சிந்திவிட்டது.

ஞாயிற்றுக்கிழமையோடு திருவருகைக் காலம் தொடங்குகிறது. கிறிஸ்துமஸ் வரை நாங்கள் கடிதம் எழுதுவதில்லை. அதனால் இப்போதே மூன்று கேள்வி. உனக்குத் தையல் ஆறிவிட்டதா? பிள்ளை பால் குடிக்கிறானா? மூன்றாவது: டிசம்பர் பதினெட்டோடு அவனுக்கு ஒன்றரை மாதம் நிறைகிறது. அன்று புதன்கிழமை, தடுப்பூசி நாளும்கூட. மறக்காமல் போய்விடு. அட்டையைக் கையோடு கொண்டுபோ.

நர்சு புத்தி போகவில்லை, மன்னித்துக்கொள்.

ஜெபத்தில் நினைக்கும் அக்கா,
அறிவு

*

திண்டுக்கல்
04.01.2025

அன்பு அக்காவுக்கு, புத்தாண்டு வாழ்த்துகள். நாங்கள் சுகம். உன் கடிதம் வந்தபோது வீட்டில் ஒரே ஆட்டம்.

தையல் ஆறிவிட்டது. அமலன் பால் குடிக்கிறான், குடித்துக்கொண்டே தூங்குகிறான், எழுப்பினால் கோபப்படுகிறான். ஐந்து கிலோ வந்துவிட்டான். டிசம்பர் இருபத்தெட்டாம் தேதி ஞானஸ்நானம் நடந்தது. தண்ணீர் ஊற்றியதும் சாமியாரைப் பார்த்து ஒரு முறை முறைத்தான் பார், கோயிலே சிரித்தது. சமையலுக்கு வந்தவர் சீரகச் சம்பா பிரியாணி போட்டார். வந்தவர்கள் இன்னும் அதைத்தான் பேசுகிறார்கள்.

ஜோவிட்டா கிறிஸ்துமஸ் குடிலுக்கு வைத்திருந்த ஆட்டுக்குட்டிப் பொம்மை ஒன்றைத் தம்பியின் தொட்டிலில் போட்டு, "துணைக்கு" என்றாள். ஏப்ரலில் நான் பள்ளிக்கூடத்துக்குத் திரும்ப வேண்டும். என் மூன்றாம் வகுப்பை வேறொரு டீச்சர் பார்த்துக்கொள்கிறார்.

வேறு விசேஷம் இல்லை. உடம்பைப் பார்த்துக்கொள்.

உன்,
இசை

*

கார்மேல் மடம்
15.01.2025

அன்பு இசைக்கு, பிள்ளைகள் மீதும் ரொனால்டு மீதும் இறைவனின் கை இருக்கட்டும். இங்கே பனி அதிகம். யாருக்கும் நோய் இல்லை.

மூன்று கேள்வி கேட்டேன். இரண்டுக்குப் பதில் வந்தது, கேட்காத பிரியாணிக்கும் வந்தது. மூன்றாவதுக்கு வரவில்லை.

சின்ன வயதில் நீ பரீட்சைத் தாளை ஒளித்து வைத்தால், அன்றைக்கு வீட்டில் அதிகமாகப் பேசுவாய். அந்த ஞாபகம் வந்தது. நான் திட்டுவதற்காகக் கேட்கவில்லை. சொல்ல வேண்டும் என்று தோன்றும்போது சொல்.

உன் அக்கா

*

திண்டுக்கல்
10.02.2025

அன்பு அக்காவுக்கு, உடம்புக்கு எல்லோரும் நலம். மனசுக்குத்தான் நலமில்லை.

ஊசி போடவில்லை. டிசம்பரிலும் இல்லை, ஜனவரியிலும் இல்லை. ரொனால்டிடம் போட்டாயிற்று என்று சொல்லியிருக்கிறேன். இதை உன்னிடம்தான் முதலில் சொல்கிறேன்.

ஜோவிட்டாவின் ஒன்றரை வயது ஊசி உனக்குத் தெரியாது. 2022 மார்ச். ஒரு குழந்தை டாக்டரிடம் காலையில் போட்டோம். சாயங்காலம் உடம்பு கொதித்தது. என் மடியிலேயே அவளுக்குக் கண் மேலே செருகி, கை கால் வெட்டி வெட்டி இழுத்தது. இரண்டு நிமிஷம் இருக்கும். எனக்கு அந்த இரண்டு நிமிஷம் இன்னும் முடியவில்லை. பக்கத்தில் இருந்த ஆஸ்பத்திரியில் காய்ச்சலைக் குறைத்து, ஒன்றுமில்லை என்று அனுப்பினார்கள். பிள்ளை மறுநாள் காலையில் இட்லி கேட்டாள்.

ஊசி போட்ட அதே டாக்டரிடம் அன்றைக்கே நான் மட்டும் போனேன். வரிசையில் ஒன்றரை மணி நேரம். "சார், நேத்து ஊசி போட்டதுக்குப் பெறகு பாப்பாவுக்கு..." என்று ஆரம்பித்தேன். அவர் நிமிரக்கூட இல்லை. "ஊசிக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. என்ன வேலை பாக்குறீங்க? டீச்சரா? டீச்சரே வாட்ஸ்அப்ப பாத்துட்டு வந்து இப்பிடிப் பேசுனா மத்தவங்க என்ன செய்வாங்க? நெக்ஸ்ட்." நான் எழுந்திருக்கும் முன்பே அடுத்தவர் நாற்காலியின் முதுகைப் பிடித்துவிட்டார்.

அக்கா, அதுவரைக்கும் நான் வாட்ஸ்அப்பில் எதையும் பார்த்ததில்லை. அதற்குப் பிறகுதான் பார்த்தேன். ஒரு குழு இருந்தது. நான் எழுதியதை அங்கே முழுசாகக் கேட்டார்கள். 'பாப்பா இப்ப எப்படி இருக்கா சகோதரி?' என்று கேட்டார்கள். டாக்டர் கேட்காத கேள்வி அது. பிறகு அவர்கள் சொன்னதை எல்லாம் நம்பினேன்.

நீ நர்சு. உனக்கு என் மேல் கோபம் வரும். வரட்டும். ஆனால் பதில் எழுது.

இசை

*

திண்டுக்கல்
26.04.2025

உயிர்த்த ஆண்டவரின் மகிழ்ச்சி உன்னோடு இருக்கட்டும் அக்கா. சுகமாக இருக்கிறாயா? தவக்காலத்தில் எழுதமாட்டீர்கள் என்று தெரியும். ஈஸ்டர் முடிந்து ஆறு நாள் ஆகிறது. தபால்காரர் நம் தெருவுக்குள் வரும்போதெல்லாம் வாசலுக்கு வருகிறேன். நீ கோபமாக இருக்கிறாய் என்றே வைத்துக்கொள்கிறேன். ஆனாலும் ஒன்றைச் சொல்ல உன்னை விட்டால் ஆளில்லை.

இரண்டு வாரத்துக்கு முன்பு அமலனுக்கு இருமல். ஊசி போடாத பிள்ளை இருமினால் எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியுமா? ஒவ்வொரு இருமலுக்கும் கக்குவானா, கக்குவானா என்று நெஞ்சு அடிக்கிறது. யாரிடமும் சொல்ல முடியாது. நம் பக்கத்து அரசு சுகாதார நிலையத்துக்குத் தூக்கிக்கொண்டு போனேன். அங்கே புதிதாக ஒரு டாக்டரம்மா. ஃபாயிஸா என்று பெயர், பேகம்பூர்க்காரர். முப்பது வயசு இருக்கும், குள்ளமாக, பரபரவென்று. அறைக்கு வெளியே அறுபது பேர்.

நெஞ்சில் குழல் வைத்துப் பார்த்து, "வெறும் சளிதான்மா, பயப்படாதீங்க" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. ஊசி அட்டையைக் கேட்டார். வீட்டில் மறந்துவிட்டேன் என்று பொய் சொன்னேன். பையிலேயே இருந்தது. அவர் என் பையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "சரி, புதன்கிழமை சளி எப்படி இருக்குன்னு காட்ட வாங்க. அட்டை கெடச்சாக் கொண்டாங்க" என்றார். அவ்வளவுதான்.

அந்தப் புதன்கிழமை நான் போகவில்லை. போன புதன்கிழமைதான் போனேன். அட்டையை நானே மேசையில் வைத்தேன். பிறந்த அன்றைக்குப் போட்டதற்குக் கீழே எல்லாக் கட்டமும் காலி. இப்போது வரும் என்று காத்துக்கொண்டிருந்தேன், அந்தப் பேச்சு. டாக்டரம்மா அட்டையை மூடி வைத்தார். ஸ்டூலை என் பக்கமாக இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"மூத்த பிள்ளைக்கு எல்லாம் போட்டிருக்கீங்கள்ல?"

"ஒன்றரை வயசு வரைக்கும்."

"அன்னைக்கு என்னம்மா நடந்துச்சு?"

ஏன் போடவில்லை என்று கேட்கவில்லை அக்கா. என்ன நடந்தது என்று கேட்டார். மூன்று வருஷமாக யாராவது இதைக் கேட்பார்களா என்று இருந்திருக்கிறேன், எனக்கே தெரியாமல். கண் செருகியது, இரண்டு நிமிஷம், இட்லி, நாற்காலி, எல்லாம் சொன்னேன். அவர் ஒரு தடவைதான் குறுக்கே பேசினார்: "எந்தப் பக்கமா இழுத்துச்சு, ரெண்டு பக்கமுமா?"

முடித்ததும் சொன்னார்: "ஊசிக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்லைன்னு உங்ககிட்டச் சொன்னது சரியில்லம்மா. சம்பந்தம் இருக்கு. ஊசிக்குக் காய்ச்சல் வரும். சில பிள்ளைகளுக்குக் காய்ச்சல் ஏறினா ஃபிட்ஸ் வரும். ஆயிரக்கணக்குல ஒரு பிள்ளைக்கு. அது உங்க மடியில நடந்துருச்சு. நீங்க பாத்தது பொய் இல்ல. ஆனா அது மூளையக் கெடுக்கிற ஃபிட்ஸ் இல்ல. பாப்பா காலையில இட்லி கேட்டாள்ல?"

நான் தலையை ஆட்டினேன்.

"தம்பிக்கும் வருமோன்னு பயப்படுறீங்க. அக்காவுக்கு வந்திருந்தா தம்பிக்குக் காய்ச்சல்ல வர வாய்ப்பு கொஞ்சம் கூடுதல். எவ்வளவுன்னு எனக்கு உறுதியாத் தெரியல. மதுரையில என் சீனியர்ட்ட கேட்டுட்டுச் சொல்றேன்."

தெரியவில்லை என்று சொல்லும் டாக்டரை அன்றுதான் பார்த்தேன். மறுநாள் மதியம் அவரே போன் செய்தார். கேட்டதைச் சொன்னார். ஊசி போடலாம், போட்டுத்தான் ஆக வேண்டும், காய்ச்சல் வந்தால் என்ன செய்வது என்று முதலிலேயே சொல்லித் தருவேன் என்றார். கடைசியில், "வீட்டுக்காரர்ட்டயும் பேசிருங்க. இத நீங்க தனியாச் சுமக்க வேணாம்" என்றார். நான் சொல்லாமலே கண்டுபிடித்துவிட்டார்.

கடிகாரத்தைப் பார்த்திருந்தால், அன்று அவர் என்னோடு இருந்தது ஏழெட்டு நிமிஷம்தான் இருக்கும்.

மே ஏழாம் தேதி வரச் சொல்லியிருக்கிறார். ஜெபித்துக்கொள். கோபமாக இருந்தாலும் ஜெபிக்கலாம்தானே?

இசை

*

கார்மேல் மடம்
03.05.2025

அன்பு இசைக்கு, நீயும் பிள்ளைகளும் நலமாக இருக்க மன்றாடுகிறேன். என் உடம்புக்கு ஒன்றுமில்லை.

உன் பிப்ரவரிக் கடிதம் பதினெட்டாம் தேதியே என் கைக்கு வந்துவிட்டது. தவக்காலம் தொடங்க இரண்டு வாரம் இருந்தது. நான் எழுதியிருக்கலாம். தவக்காலத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

உன் மேல் கோபம் இல்லை. அந்த டாக்டர் பேசியதாக நீ எழுதியதை வாசித்தபோது, அந்தக் குரல் எனக்குப் பழக்கமானதாக இருந்தது. அது என் குரல்.

2012 அக்டோபர். குஜிலியம்பாறைப் பக்கம் ஒரு கிராமத்தில் எங்கள் மிஷன் ஆஸ்பத்திரி முகாம். காலையிலிருந்து நான் ஒருத்திதான் ஊசி போட்டேன். மூட்டை கட்டும் நேரத்தில் ஒரு பெண் கைப்பிள்ளையோடு ஓடிவந்தாள். ஒன்பதாம் மாதம் போட வேண்டிய தட்டம்மை ஊசிக்குப் பதினோராம் மாதம் வருகிறாள். அந்த மருந்துப் புட்டியைத் திறந்தால் ஐந்து பிள்ளைகளுக்குப் போடலாம், சில மணி நேரத்துக்குள் தீர்க்காவிட்டால் கொட்ட வேண்டும். ஒரு பிள்ளைக்காகத் திறக்க எனக்கு மனமில்லை. அதைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அட்டையை மேசையில் எறிந்து, "ஆடு மாட்டுக்குக்கூட நாள் பாத்து ஊசி போடுறீங்க. பெத்த பிள்ளைக்கு நாள் தெரியாதா? அடுத்த மாசம் வா" என்றேன். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவள் அட்டையைப் பொறுக்கிக்கொண்டு போனாள்.

அடுத்த மாதம் அவள் வரவில்லை. அதற்கடுத்த மாதமும் இல்லை. தை மாதம் அந்த ஊரில் அம்மை பரவி, இரண்டு பிள்ளைகளைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதாகக் கேள்விப்பட்டேன். எந்தப் பிள்ளைகள் என்று நான் விசாரிக்கவில்லை இசை. ஒரு போனில் தெரிந்திருக்கும். தெரிந்துகொள்ளப் பயந்தேன். இரண்டு வருஷம் கழித்து மடத்துக்கு வந்தேன். கடவுள் அழைத்தார் என்பது உண்மைதான். ஆனால் ஓடிவந்ததும் கொஞ்சம் உண்டு.

பதிவேட்டில் அவள் பெயர் சண்முகவள்ளி, கணவர் பொன்னுத்துரை. பன்னிரண்டு வருஷமாக ஒரு நாள் தவறாமல் அந்தப் பெயரைச் சொல்லி ஜெபிக்கிறேன். பிள்ளையின் பெயர் ஞாபகம் இல்லை.

நீ என் பேச்சைக் கேட்க வேண்டாம். அந்த டாக்டரம்மா சொல்வதைக் கேள்.

அறிவு

*

திண்டுக்கல்
12.05.2025

அன்பு அக்காவுக்கு, எல்லோரும் நலம். இந்த முறை அதை எழுதும்போது உண்மையாகவே எழுதுகிறேன்.

உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. அதற்கு முன்பே புதன்கிழமை ஊசி போட்டாயிற்று. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

ரொனால்டிடம் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து சொன்னேன். கத்துவார் என்று நினைத்தேன். கையில் இருந்த வண்டிச் சாவியை மேசையில் வைத்தார். "மூணு வருஷமா இத நீ ஒருத்தியாவா வச்சிருந்த?" என்றார். பிறகு, "என்கிட்டப் பொய் சொன்னதுதான் வருத்தமா இருக்கு" என்றார். அது இன்னும் அவருக்கு ஆறவில்லை. ஆறட்டும். புதன்கிழமை லோடை வேறு ஆளிடம் விட்டுவிட்டு எங்களோடு வந்தார்.

ஃபாயிஸா டாக்டர் முதலில் ஒரு தாளை எடுத்து எழுதினார். அமலனின் எடைக்குக் காய்ச்சல் மருந்து எத்தனை சொட்டு, எத்தனை மணிக்கு ஒரு தரம். "காய்ச்சல் வரும்னே வச்சுக்கங்க. வரலைன்னா லாபம்." ஃபிட்ஸ் வந்தால் பிள்ளையை ஒருக்களித்துப் படுக்கவைக்க வேண்டும், வாயில் எதையும் வைக்கக் கூடாது, கடிகாரத்தைப் பார்க்க வேண்டும், ஐந்து நிமிஷத்தைத் தாண்டினால் 108. ஒரு துண்டைச் சுருட்டி என் கையில் கொடுத்து, "எங்க, திருப்பிப் படுக்க வைங்க பாப்போம்" என்றார். என்னையும் ரொனால்டையும் மாறி மாறிச் செய்யச் சொன்னார். வரிசையில் நின்றவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். ஒருத்தருக்கும் அவசரமில்லை. ஷப்னம் என்று ஒரு பெண், "எனக்கும் காட்டுங்க மேடம்" என்று எட்டிப் பார்த்தாள்.

அமலன் ஊசிக்கு அழுதது பத்து விநாடி. ரொனால்டு கண்ணைத் துடைத்துக்கொண்டது அதைவிட அதிக நேரம்.

காய்ச்சல் வந்தது. நூற்றியொன்று. தாளில் எழுதியபடி மருந்து கொடுத்தேன், ஈரத் துணியால் துடைத்தேன். பதறவில்லை. வரும் என்று ஒருத்தர் முன்பே சொன்ன காய்ச்சலுக்கும் சொல்லாத காய்ச்சலுக்கும் இத்தனை வித்தியாசமா? மறுநாள் காலை எட்டு மணிக்கு வாசலில் ஸ்கூட்டர் சத்தம். டாக்டரம்மா, டூட்டிக்குப் போகும் வழியில். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை. "என்ன சார், கோவமா?" என்று அமலனின் காலைத் தொட்டுப் பார்த்தார். காய்ச்சல் இறங்கியிருந்தது. காபி குடிக்கச் சொன்னேன். "நேரமாச்சு, அடுத்த தடவை" என்று போய்விட்டார். ஜோவிட்டாவுக்கு அஞ்சு வயசு ஊசியையும் அவரிடம்தான் போடப்போகிறேன்.

இப்போது உன் கடிதம். நான் நாலு தரம் வாசித்தேன். உன் மேல் எனக்கு வந்த கோபத்தைச் சொல்லத்தான் வேண்டும். வந்தது. அந்தப் பெண் நானாக இருந்திருக்கலாமே என்று வந்தது. அடுத்த நாள் போய்விட்டது. என்னைத் திட்டிய அந்த டாக்டரும் அன்று காலையிலிருந்து தனி ஆளாகத் திணறியிருக்கலாம் என்று முதல் தடவையாக நினைத்தேன்.

அந்தப் பெண்ணைத் தேடி நான் குஜிலியம்பாறைக்குப் போகட்டுமா? நீ சரி என்றால்தான் போவேன்.

இசை

*

கார்மேல் மடம்
24.05.2025

அன்பு இசைக்கு, சமாதானம் உண்டாவதாக. எல்லோரும் நலம்.

வேண்டாம் என்று ஒரு கடிதம் எழுதி மூன்று நாள் வைத்திருந்தேன். கிழித்துவிட்டேன். போ. என்ன தெரிந்தாலும் குறைக்காமல் எழுது. பிள்ளை இல்லை என்றாலும் எழுது.

அந்த டாக்டரம்மாவின் பெயரைச் சாயங்கால மன்றாட்டில் சேர்த்திருக்கிறேன். மற்றச் சகோதரிகள் யார் என்று கேட்டார்கள். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தவர் என்றேன்.

அறிவு

*

திண்டுக்கல்
10.06.2025

அன்பு அக்காவுக்கு, நாங்கள் சுகம். உன்னைக் காத்திருக்க வைக்காமல் முதல் வரியிலேயே சொல்கிறேன்: பிள்ளை உயிரோடு இருக்கிறாள். பெயர் புவனேஸ்வரி. இந்த வருஷம் ஒன்பதாம் வகுப்பு.

ஞாயிற்றுக்கிழமை போனேன். குஜிலியம்பாறையில் இறங்கி, ஷேர் ஆட்டோ பிடித்து, ஊருக்குள் பொன்னுத்துரை வீடு என்றதும் காட்டிவிட்டார்கள். மழை இன்னும் விழவில்லை, காடெல்லாம் உழுது போட்டபடி காய்ந்து கிடக்கிறது. சண்முகவள்ளி வாசலில் முருங்கைக்காயைக் கட்டுக் கட்டிக்கொண்டிருந்தார். யார் என்று சொன்னேன். கை நின்றது.

"கண்ணாடி போட்ட, ஒசரமான நர்சா? ஆடு மாட்டுக்குக்கூட நாள் பாத்து ஊசி போடுறீங்கன்னு சொன்னவுகளா?"

ஒரு எழுத்து மாறாமல் வைத்திருக்கிறார் அக்கா. நான் ஆமாம் என்றேன். உட்காரச் சொல்லாமல் பேசினார்.

"அப்ப எங்க மாமனார் செத்துட்டாரு. காரியம் முடியாம வீட்ட விட்டு எறங்கக் கூடாதுன்டாக. அது முடிய, பிள்ளைக்கு வயித்தால போச்சு. அதான் ரெண்டு மாசம் தள்ளிப்போச்சு. ஏன் லேட்டுன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்பேன் தாயி. கேக்கல. அம்புட்டுப் பேரும் சிரிக்கிறாக. அடுத்த மாசம் அந்த மூஞ்சியில போயி எப்பிடி முழிக்கிறது? தையில அம்மை போட்டுருச்சு. ஒம்பது நாள் பெரியாஸ்பத்திரியில கெடந்தோம். உசுரு தங்குச்சு. எடது காதுல சீழ் வடிஞ்சு வடிஞ்சு, இப்ப அதுல கேக்காது."

குறைக்காமல் எழுதச் சொன்னாய். எழுதிவிட்டேன்.

நான் அழுதேன். அவர் அழவில்லை. உள்ளே போய் மோர் கொண்டுவந்து கொடுத்து, உட்காரச் சொன்னார். அவருக்கு ஏழு வயதில் ஒரு மகனும் இருக்கிறான். அவனுக்கு ஊசி போட்டீர்களா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவரே சொன்னார்: "சின்னவன் பொறந்ததும் ஒரு முடிவு எடுத்தேன். எவ வேணும்னாலும் திட்டட்டும், திட்டு அவுகளோட போகட்டும், ஊசி நம்ம பிள்ளைக்கு. பல்லக் கடிச்சுக்கிட்டுப் போயி நின்டேன். ஒரு தவணை விடல. திட்டு வாங்கவே தயாராப் போனேன், ஒருத்தரும் திட்டல பாரு!" சொல்லிவிட்டுச் சிரித்தார்.

அக்கா, நான் படித்தவள். ஒரு வார்த்தைக்காக மூன்று வருஷம் பிள்ளைகளின் அட்டையை ஒளித்து வைத்தேன். இந்த அம்மாள் அதைவிடப் பெரிய வார்த்தையை வாங்கிக்கொண்டு, பெரியவளின் காதையும் இழந்துவிட்டு, யாரும் வந்து சமாதானம் சொல்லாமல், தானாக மறுபடியும் அதே வரிசையில் போய் நின்றிருக்கிறார். ஃபாயிஸா டாக்டரை நான் எவ்வளவு பெரிதாக நினைக்கிறேன் என்று உனக்குத் தெரியும். திரும்பி வரும் பஸ்ஸில் இரண்டு பேரில் யார் பெரியவர் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

புறப்படும்போது, நீ தினமும் அவர் பெயரைச் சொல்லி ஜெபிப்பதைச் சொன்னேன்.  ஒரு கட்டு முருங்கைக்காயை என் பையில் வைத்தார். விலாசம் எழுதி வாங்கி வந்திருக்கிறேன். கீழே இருக்கிறது. நீயே எழுது. எனக்கு எழுதாதே, அவருக்கு எழுது.

இசை

*

குஜிலியம்பாறை
06.07.2025

மதிப்பிற்குரிய நர்சம்மா அவர்களுக்கு, வணக்கம். நான் புவனேஸ்வரி. எங்கள் அம்மா சண்முகவள்ளி சொல்லச் சொல்ல எழுதுகிறேன். அம்மாவுக்கு எழுதத் தெரியும், ஆனால் கை வராது என்கிறார். அம்மா பேசுகிற மாதிரியே எழுதச் சொன்னார்.

உங்க லெட்டர் கெடச்சுச்சு. புவனா மூணு தடவை வாசிச்சா. மன்னிப்புன்னு எழுதியிருக்கீக. எனக்குப் பொய் சொல்ல வராது. ரொம்ப வருசம் கோவம் இருந்துச்சு. பிள்ளை எடது பக்கம் கூப்புட்டுத் திரும்பாதப்பல்லாம் வந்துச்சு. இப்ப இருக்கான்னு பாத்தேன், அம்புட்டு இல்ல. நீங்க என் பேர மறக்காம வச்சிருந்தீகன்னு உங்க தங்கச்சி சொன்னதக் கேட்டுட்டு ரெண்டு நாளா வேல ஓடல.

பக்கத்து வீட்டு மருமக இசக்கியம்மாளுக்குத் தலைப்பிள்ள. ஊசின்னா பயப்படுறா. அவ மாமியாளும் வேணாங்கிறா. வார புதன்கிழமை நான் கூடப் போறேன்னு சொல்லியிருக்கேன். யாராச்சும் சத்தம் போட்டா நான் பேசிக்கிறேன்.

அம்மா சொன்னது இவ்வளவுதான். இனி நான் எழுதுவது. எனக்கு வலது காதில் நன்றாகக் கேட்கும். வகுப்பில் முதல் பெஞ்சில் இடது ஓரமாக உட்காருவேன், அப்போது டீச்சர் பேசுவது முழுவதும் கேட்டுவிடும். போன பரீட்சையில் கணக்கில் தொண்ணூற்றி இரண்டு. உங்கள் கடிதத்தில் என் பெயரைப் பத்து இடத்தில் எழுதியிருந்தீர்கள். எண்ணினேன்.

கடிதத்தை ஒட்டப்போகும்போது அம்மா ஒன்று சேர்க்கச் சொன்னார். நீங்கள் வெளியே வராத மடத்தில் இருப்பதாகச் சொன்னார்களாம். அம்மா கேட்கச் சொன்னது: அங்கே உங்களுக்குக் காய்ச்சல் தலைவலி என்றால் யார் பார்த்துக்கொள்வார்கள்? இப்போது உடம்பு எப்படி இருக்கிறது? பதில் எழுத வேண்டுமாம்.

இப்படிக்கு,
பொ. புவனேஸ்வரி